எத்திராஜ் அண்ணனின் ஒற்றைக் கோடு

கார்த்திகை முகூர்த்தம் ஒன்றுக்காகக் காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. படம் பிடிக்க வந்தவன் அந்த நிமிஷத்தில் போனை எடுத்தால் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அதிர்ந்தபோது, அட்சதை பறந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே ஓரக்கண்ணால் பார்த்தேன். எத்திராஜ் அண்ணனின் மகள் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். 'அப்பா காலைல தவறிட்டாரு சித்தப்பா.'

கல்யாண வீட்டில் சாவுச் செய்தியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆகவே யாரிடமும் சொல்லாமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அலுவலக நண்பர்கள் என்று வரிசையாக நிறுத்தி, "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் அத்தனை பேரை அத்தனை வேண்டாவெறுப்பாகச் சிரிக்க வைத்தது அன்றுதான். பிறகு வீடியோக்காரரிடம் கேமராவைக் கொடுத்து, வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அந்தப் பொய்தான் உறுத்தியது. அவருக்காகப் போகும்போதாவது ஒரு பொய் குறைவாகச் சொல்லியிருக்கலாம்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் நன்றாகத் தெரியும். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டைம் கீப்பராக இருந்தவர். 'வந்தவாசி செல்லும் வண்டி மூன்றாவது நடைமேடையில்' என்று ஒலிபெருக்கியில் வரும் அந்தக் கரகரத்த, அவசரமே இல்லாத குரல் அவருடையது. பேருந்து உள்ளே வந்தால் நேரம், வெளியே போனால் நேரம், வராமல் போனால் அதற்கு ஒரு குறிப்பு. இதைத்தான் அவர் வேலை என்று செய்தார். எதிரே இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு மதியத்தில் டீ குடிக்க வருவார். அவருக்கு ஓய்வு வந்த வருஷம் எனக்குச் சர்க்கரை வந்தது. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். அவருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. அப்படித்தான் காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் நடக்க ஆரம்பித்தோம்.

முதல் வாரம் வாயாடிக்கொண்டே நடந்தோம். இரண்டாவது வாரம் அவர் கையில் ஒரு நீள நோட்டு முளைத்தது. பழைய பேருந்துப் பதிவேட்டைப் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருந்தார். வந்தது, நேரம், எத்தனை, வராதது என்று கட்டங்கள். 'இன்னாண்ணே இது, ஏரிக்கும் டிரிப் ஷீட்டா?' என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. கை பழகிவிட்டது, எதையாவது எழுதாமல் ஒரு காலைப் பொழுது கழிந்தால் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது என்றார்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பறவைகள் கொக்கு, நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம். அவ்வளவுதான். ஒரு படப் புத்தகம் வாங்கினோம். என்னிடம் கல்யாண மேடைக்கு வாங்கிய பெரிய லென்ஸ் இருந்தது. நான் படம் எடுப்பேன், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்ப்போம், புத்தகத்தைப் புரட்டிச் சண்டை போடுவோம். பாம்புத்தாராவை நீர்க்காகம் என்று நான் மூன்று மாதம் சாதித்தேன். அவர் கோபப்படவில்லை. தினமும் அது இறக்கையை விரித்துக் காயும்போது கழுத்தைக் காட்டி, "இவ்ளோ நீட்டு கழுத்து உன் காக்காவுக்கு எங்க கீது?" என்று மட்டும் கேட்பார்.

பறவைகளுக்கும் அவரிடம் தடம் உண்டு. வேடந்தாங்கலில் படுத்து எழுந்து, காலையில் எங்கள் ஏரிக்கு மேய வந்து, சாயங்காலம் திரும்பும் நத்தைகுத்தி நாரைகள் எல்லாம் டவுன் பஸ். ஐப்பசி மழை முடிந்து எங்கிருந்தோ வந்து இறங்கும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் லாங் ரூட்டு. கரை ஓரத்தில் தனியாக வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிக்கு மினி பஸ் என்று பெயர். நான் கேலி செய்வேன். ஆனால் இன்றுவரை நாரைக் கூட்டம் தலைக்கு மேல் போனால் எனக்கு டவுன் பஸ் என்றுதான் வாயில் வருகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. ஒரு நாள் மதகுக்கு அந்தப் பக்கம் கூழைக்கடா நான்கு சுற்றிக்கொண்டிருந்தன. எப்படியும் நம் ஏரியில்தான் இறங்கும், எழுதிவிட்டுப் போகலாம், பசிக்கிறது என்றேன். அவர் பேனா மூடியைக் கழற்றவில்லை. "வரும்னு எழுதாத சேகரு. வந்தா எழுது" என்றார். கூழைக்கடாக்கள் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வேறு பக்கம் போய்விட்டன. எனக்கு இட்லி ஆறிப் போனதுதான் மிச்சம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், ஒரு கண்டக்டருக்கு உபகாரமாக, ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று நம்பி, ஒரு பேருந்து வந்ததாக எழுதிவிட்டாராம். அது களியாம்பூண்டி தாண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. வந்த பேருந்து எங்கே என்று இருபது பேர் அவர் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள். அதை என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் நேற்று நடந்தது போல முகம் சுருங்கும்.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அண்ணன் இருந்தவரை, அதை நான் செய்தேன் என்பது மட்டும் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ஏரிக்கரையில் நடைபாதை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பாதை, விளக்கு, உட்கார பெஞ்சு. அதில் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. இருட்டில் நடக்கும் பெண்களுக்கு விளக்கு நல்லதுதான். ஆனால் ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களையும் வெட்டி, அந்த இடத்தில் படகு விடப்போவதாகச் சொன்னார்கள். அந்த மரங்களில்தான் நாரையும் பாம்புத்தாராவும் தங்கும். அவற்றின் அடியில்தான் குளிர்கால வாத்துகள் காற்றுக்கு ஒதுங்கும். அண்ணன் ஒரு வாரம் யோசித்துவிட்டு, குடியரசு தினத்துக் கிராம சபையில் மனுக் கொடுப்போம், நம் நோட்டிலிருந்து கணக்கையும் சேர்ப்போம் என்றார். கடைசிக் கணக்கெடுப்பு பொங்கல் சமயம்.

பொங்கலுக்கு மறுநாள், வருஷா வருஷம் போல, பரிவேட்டைத் திருவிழா பார்க்கப் பழையசீவரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கணக்கெடுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் தனியாகக் கரைக்குப் போனேன். பனி என்றால் அப்படி ஒரு பனி. பக்கத்து மரமே தெரியவில்லை. எட்டு மணிக்கு எனக்கு ஒரு காதுகுத்து. ஏழு மணிக்குப் பனி கொஞ்சம் இளகியது. எதிர்க்கரை ஓரமாகத் தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக, ஒரு பெரிய கும்பல். வாத்துகள். பத்துப் பத்தாக, பிறகு ஐம்பது ஐம்பதாக எண்ணினேன். அறுநூறு. எங்கள் ஏரியில் நூறுக்கு மேல் நாங்கள் பார்த்ததே இல்லை. லென்ஸ் எட்டிய வரைக்கும் படம் எடுத்துக்கொண்டு காதுகுத்துக்கு ஓடினேன்.

பழையசீவரத்திலிருந்து போனில் கேட்டார். "பனி விட்டுச்சா சேகரு?"

"விட்டுச்சிண்ணே. பளிச்சுனு கீது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அறுநூறு என்ற எண்ணின் மேல் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் அதை நம்பினார். மனுவில் எழுதினார். நான் சும்மா இருப்பேனா? என் படத்தைப் பெரிதாக்கி, பனிக்குள் வாத்துக் கும்பல் தெரிய, மேலே 'நம் ஏரியின் விருந்தாளிகள் 600' என்று போட்டு, பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கிராம சபை நடக்கும் பள்ளிக்கூடத்து மதிலில் கட்டிவிட்டேன்.

சபைக்கு இரண்டு நாள் முன்னால், நல்ல வெயில் அடித்த காலையில், அந்தக் கும்பலைத் தானும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று, மகள் வீட்டிலிருந்து திரும்பிய அண்ணன் என்னை எதிர்க்கரைக்குக் கூட்டிப்போனார். அறுவடையான வயல் ஓரத்தில் வலை அடைத்து, ஒரு டெண்டு போட்டிருந்தது. மாரி என்று ஒருவர் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆரணிப் பக்கத்திலிருந்து வாத்து மேய்க்க வந்தவர். நெல் அறுத்த வயல்களில் சிந்தின மணிக்காக இவர்கள் வருஷா வருஷம் வருவதுதான். காலையில் வாத்துகளை முதலில் ஏரியில் இறக்கி, பனி கலைந்த பிறகு வயலுக்கு ஓட்டுவார்களாம். பொங்கலுக்கு முதல் நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறார். எத்தனை வாத்து என்று அண்ணன் கேட்டார்.

"அறுநூத்தி ரெண்டு சாமி. ரெண்ட நரி அடிச்சிட்ச்சி."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எண்றதுல உன்ன அடிச்சிக்க ஆள் இல்ல" என்றார். கிண்டல்தான். ஆனால் அடுத்ததாகக் கேட்டது கிண்டல் இல்லை. "அன்னிக்குப் பனி விடல. இல்ல?" என்றார். இல்லைண்ணே என்றேன். அதற்கு மேல் அந்தப் பொய்யைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு ஒரு நாளும் பேசவில்லை.

அங்கேயே நின்று ஏரியிலிருந்த நிஜ வாத்துகளை எண்ணினார். நாற்பத்தொன்று. திரும்பி வரும்போது நான் கெஞ்சினேன். யாருக்குத் தெரியும், மாரி நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடுவார், மரம் தப்பட்டும், அப்புறம் வேண்டுமானால் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். நாற்பத்தொன்று என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த நாளே கோடாரியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"குருவிக்கு இன்னாடா, அது வந்து உக்காந்துக்கும். நான் எப்பிடிடா நாளைக்கு இந்தக் கரை மேல நடப்பேன்?"

என்னை அவர் 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான்.

கிராம சபையில் எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு எதற்கு மைக். "அந்தக் கணக்கு தப்பு. எழுதிட்டோம். அறுநூறு இல்ல, நாப்பத்தொண்ணு. அந்தப் படத்துல கீறது வளக்கற வாத்து" என்றார். பிறகு கூடமே சிரித்தது. பஸ்ஸைத்தான் தப்பாச் சொல்லுவாருன்னு பார்த்தா வாத்தையும் விடலையே என்று யாரோ கத்தினார்கள். அந்த மனுஷர் தன் வேலையில் தப்பாகச் சொன்னது நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பேருந்து. 'எழுதிட்டோம்' என்றாரே தவிர என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்து, அது நான், அவர் ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாசலில் மாரி நின்று, ஃப்ளெக்ஸில் இருக்கும் தன் வாத்துகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அந்த இடத்தில் சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நாற்பது வாத்துக்காக வேலையை நிறுத்த முடியாது என்று முடிவானது. கிழக்குப் பக்கத்து மரங்கள் அந்தக் கோடையிலேயே விழுந்தன. மேற்கே உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் ஓரத்துத் தோப்பு மட்டும் தப்பியது. அதுவும் எங்கள் மனுவால் அல்ல. அந்த மரங்கள் போனால் அலை கரையை அரித்துவிடும் என்று கீழ்மடை விவசாயிகள் பிடிவாதம் பிடித்ததால். மரம் வெட்டும் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். உங்கள் உண்மை எத்தனை மரத்தை வெட்டியிருக்கிறது, போய் எண்ணிப் பாருங்கள் என்று நடுரோட்டில் அவரிடம் கத்தினேன். அதன் பிறகு பத்து நாள் பேசவில்லை. தப்புச் செய்தவன் நான், ரோஷம் வந்ததும் எனக்கு.

பதினோராவது நாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். மூத்த குடிமக்கள் பஸ் பாஸுக்குப் போட்டோ வேண்டும் என்றார். உட்கார வைத்து எடுத்தேன். முடித்ததும் நோட்டை எடுத்து மேஜை மேல் விரித்தார். பொங்கலுக்கு மறுநாள் பக்கம். 600 என்ற எண்ணின் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'வளர்ப்பு வாத்து'. அதன் கீழே, திரும்ப எண்ணிய தேதியோடு 41. ஓரத்தில் அவருடைய சுருக்கக் கையெழுத்து. நீயும் கையெழுத்துப் போடு என்றார். எதற்கு இதை வைத்துக்கொண்டு, பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளை மையாவது பூசுங்கள், பார்க்கவே கூசுகிறது என்றேன்.

"அடிச்சா ஒத்தக் கோடு. அடியில இன்னா எழுதிக்கினு இருந்தோம்னு தெரியணும். தப்பு பண்ணவன் ஒரு கையெழுத்து, பாத்தவன் ஒரு கையெழுத்து. பூசி மறைச்சா அது ரெஜிஸ்டரே இல்ல."

போட்டேன். அவர் மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை மூடினார். மேற்குத் தோப்பில் பாம்புத்தாரா கூடு கட்டியிருக்கிறது, நாளைக்கு வருகிறாயா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்க்காதது போல, படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினார்.

நடைபாதையும் விளக்கும் வந்தன. படகு வரவில்லை. அந்தப் பாதையில் இந்தக் கார்த்திகை வரைக்கும் நடந்தோம். கடைசி வருஷம் அவருக்கு மூச்சு வாங்கும். பெஞ்சுக்குப் பெஞ்சு உட்காருவார். பெஞ்சு நல்ல யோசனைதான் என்று ஒத்துக்கொண்டார். இறந்த அன்று காலையிலும் குளித்து, நடக்கக் கிளம்பித்தான் இருந்திருக்கிறார். செருப்பு மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டார்கள். பஸ் பாஸுக்கு எடுத்ததைத்தான் கொடுத்தேன். அந்தப் படத்தில் அவர் மடியில் இருக்கும் நோட்டு தெரியாது. எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து அவர் மகள் நோட்டை என்னிடம் கொடுத்தாள். பருவம் தொடங்கும் முன்பே வழக்கம் போலப் பங்குனி வரைக்கும் எல்லாப் பக்கத்துக்கும் கோடு போட்டு வைத்திருந்தார்.

இந்தத் தையில் கணக்கெடுப்புக்குத் தனியாகப் போனேன். அதே பனி. அன்றும் ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். மேற்குத் தோப்பின் அடியில் தண்ணீரில் கறுப்பாக ஒரு கும்பல் தெரிந்தது. நான் திருந்திவிட்டேன் என்று சொல்லத்தான் இத்தனை நேரம் ஆசை. ஆனால் நடந்தது அதுவல்ல. எண்ணி, நோட்டில் 200 என்று எழுதி, வண்டியை எடுக்கக் கரையிலிருந்து பாதி தூரம் இறங்கிவிட்டேன். அங்கே கால் நின்றுவிட்டது. பனி விட்டுச்சா சேகரு என்று யாரும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டார்கள். அதுதான் என்னை நிறுத்தியது.

திரும்ப ஏறி, அவர் மூச்சு வாங்க உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு, பனி விடவில்லை, வரத் தாமதமாகும் என்று உண்மையைச் சொன்னேன். திட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வெயில் வந்தது. கும்பலில் பாதி மரத்தின் நிழல், கொஞ்சம் ஆகாயத்தாமரை, நிறைய நாமக்கோழி. வாத்து ஐம்பத்திரண்டு. மூன்று தடவை எண்ணினேன். ஐம்பத்திரண்டுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது ஒரு நோட்டும் இந்த ஒரு பழக்கமும்தான். ஸ்கேல் இல்லை, செல்போன் ஓரத்தை வைத்து 200ன் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் 52 என்று எழுதினேன். ஓரத்தில், தப்புச் செய்தவன் கையெழுத்தைப் போட்டேன். பார்த்தவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.